பிரேக் பேட்: மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டிய ஒரே நம்பர்



சர்வீஸ் சென்டர்ல இருந்து போன் வருது. "சார், ஃப்ரண்ட் பிரேக் பேட் தேஞ்சிருக்கு, மாத்திடலாமா?" நீங்க ஆபீஸ்ல, ஏதோ ஒரு மீட்டிங் நடுவுல இருக்கீங்க. பெரும்பாலானவங்க ரெண்டு பதில்ல ஒண்ணைத்தான் சொல்வாங்க. "சரி, மாத்திடுங்க." இல்லைன்னா, "வேணாம், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்."

ரெண்டுமே கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்ற பதில். முதல் பதில்ல தேவையே இல்லாம பணம் போகலாம். ரெண்டாவது பதில்ல பணத்தை விடப் பெருசா ஏதாவது போகலாம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேள்வி இருக்கு: "பேட்ல எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு?"

இந்த நம்பர் தெரிஞ்சா, எப்ப "வேணாம்"னு சொல்லணும், எப்ப "உடனே மாத்துங்க"ன்னு சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணலாம். "பட்ஜெட் சேனல்ல பிரேக் பத்தி ஏன் பேசறீங்க?"ன்னு கேட்கலாம். கார் லோன் இ.எம்.ஐ. கட்டுற நம்ம ஆளுங்க பெட்ரோல் கணக்கு வச்சிருப்பாங்க, இன்சூரன்ஸ் கணக்கு வச்சிருப்பாங்க. தேயுற பொருளுக்கு மட்டும் யாரும் கணக்கு வைக்கிறது இல்ல. அங்கதான் பணமும் ஓட்டை, பாதுகாப்பும் ஓட்டை.

பேட் தேயுறது ஓ.எம்.ஆர்.ல, பரீட்சை நடக்கிறது கொடும்பாளூர்ல

திருச்சி–மதுரை நான்கு வழிச்சாலையில, விராலிமலை தாண்டினதும் வர்ற ஊர் கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டம். இருக்குவேளிர்கள் ஆண்ட ஊர். ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான மூவர் கோயில் இங்கதான் இருக்கு. மூணு கோயில்ல இப்ப ரெண்டுதான் முழுசா நிக்குது. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகறதுக்கு வழி சொல்லும்போது, கொடும்பை நெடுங்குளத்துக்கிட்ட பாதை மூணா பிரியும்னு வரும். அந்தக் கொடும்பைதான் இந்தக் கொடும்பாளூர்னு சொல்றாங்க. அப்பவே மதுரைக்குப் போறவங்க கடந்து போன இடம். இன்னைக்கும் பொங்கல், தீபாவளி வந்தா சென்னையில இருந்து தெற்கே போற கார் எல்லாம் இந்த ஊரை நூறு கிலோமீட்டர் வேகத்துல தாண்டிப் போகுது.

ரோடு நல்லா இருக்கு, வேகம் தானா ஏறுது. ஆனா இது ஊருக்கு நடுவுல போற ரோடு. பிரிவு ரோட்டுல இருந்து டிராக்டர் ஏறும், ஆடு குறுக்க வரும், மீடியன் இடைவெளியில பைக்காரர் யு-டர்ன் அடிப்பாரு.

ஒரு சின்னக் கணக்கு. 100 கி.மீ. வேகத்துல கார் ஒரு விநாடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடும். ஆட்டைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடின்னு வச்சுக்குவோம். அதுக்குள்ள 28 மீட்டர் போயாச்சு. அப்புறம் காய்ஞ்ச ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும் நிக்கறதுக்கு இன்னும் 55 மீட்டர் வேணும். மொத்தம் 83 மீட்டர். பிரேக்கோட பிடி மூணுல ஒரு பங்கு அளவுக்குக் குறைஞ்சிருந்தா, அதே கார் நிக்க சுமார் 110 மீட்டர் ஆகும். அந்த வித்தியாசம் சுமார் 27 மீட்டர், அதாவது ஆறு கார் நீளத்துக்கு மேல.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஹைவேயில பிரேக் பேட் அதிகம் தேயாது, ஏன்னா அங்க நாம அடிக்கடி பிரேக் பிடிக்கறதே இல்ல. பேட் தேயுறது தினமும் ஆபீஸ் போற வழியில, சிக்னலுக்குச் சிக்னல் மிதிக்கிற இடத்துல. அங்க வேகம் 30, 40. பேட் எவ்வளவு மெலிசா இருந்தாலும் அந்த வேகத்துல வண்டி நின்னுடும். அதனால நமக்கு சந்தேகமே வராது. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போறப்ப, குடும்பத்தையும் லக்கேஜையும் ஏத்திக்கிட்டு நூறுல போய் ஒரு தடவை அழுத்தி மிதிக்கும்போதுதான் பேடோட நிலைமை தெரியும். வேகம் 40-ல இருந்து 100 ஆனா, பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ரெண்டரை மடங்கு இல்ல, ஆறே கால் மடங்கு.

பேட் எப்படி நம்மளை ஏமாத்துது?

வீலோட சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுத்தும். அதுதான் டிஸ்க். அதை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற கிடுக்கி கேலிபர். டிஸ்க்கைத் தொடுற ரெண்டு துண்டுகள்தான் பேட். ஒவ்வொரு பேடுக்கும் பின்னாடி ஒரு இரும்புத் தகடு, அதுக்கு மேல ஒட்டின உராய்வுப் பொருள். தேயுறது அந்த உராய்வுப் பொருள்தான்.

பேட் தேயத் தேய பிரேக் கொஞ்சம் கொஞ்சமா வீக் ஆகும்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. 4 மி.மீ. இருந்தாலும் சாதாரண ஓட்டத்துல நல்லாத்தான் பிடிக்கும். ஆனா மெலிசான பேட் சூட்டைத் தாங்காது. சூடு பின்னாடி இருக்கிற பிரேக் ஆயிலுக்குப் போகும். மலையில இறங்கும்போது பிரேக் தளர்ந்து போறதுக்கு இதுவும் ஒரு காரணம். கடைசியில உராய்வுப் பொருள் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசும்போது, அன்னைக்கே டிஸ்க் கீறி நாசமாகும். கடைசி வரைக்கும் "நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். அதனாலதான் உணர்வை நம்பக் கூடாது, அளவை நம்பணும்.

அளவுகள் இதுதான். பெரும்பாலான கார்ல புது பேடோட உராய்வுப் பொருள் 10–12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தா மாத்திடணும்கிறது பல மெக்கானிக்குகள் கடைப்பிடிக்கிற நடைமுறை. உங்க காருக்கான சரியான அளவை ஓனர்ஸ் மேனுவல்லயோ சர்வீஸ் சென்டர்லயோ கேட்டுக்குங்க.

கிலோமீட்டருக்கு ஆறரை பைசா

இப்ப நம்ம வேலைக்கு வருவோம். கீழே வர்ற விலை எல்லாம் கணக்கு புரியறதுக்காக எடுத்துக்கிட்ட உதாரண எண்கள். உங்க காருக்கு உங்க எண்ணைப் போட்டுக்குங்க.

- முன்பக்க பேட் செட்: ₹2,000
- லேபர்: ₹600
- மொத்தம்: ₹2,600
- புது பேட் 11 மி.மீ., மாத்தற அளவு 3 மி.மீ. அப்ப நாம பயன்படுத்தக்கூடியது 8 மி.மீ.
- அது 40,000 கி.மீ. ஓடுச்சுன்னு வச்சுக்குவோம்.

2,600-ஐ 40,000-ஆல வகுத்தா கிலோமீட்டருக்கு 6.5 பைசா. பெட்ரோல் லிட்டர் ₹100, மைலேஜ் 15 கி.மீ.ன்னா பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்கு ₹6.67 ஆகுது. அதாவது, காரை ஓட வைக்கிற செலவுல நூறுல ஒரு பங்குதான் காரை நிறுத்தி வைக்கிற செலவு.

கம்பெனி கணக்குல ஒரு பழக்கம் உண்டு. பில் எப்ப வந்தாலும் சரி, செலவு எந்த வருஷத்துல நடந்துச்சோ அந்த வருஷத்துலயே எழுதணும். பிரேக் பேடும் அப்படித்தான். நீங்க ஒவ்வொரு சிக்னல்ல மிதிக்கும்போதும் அந்த ஆறரை பைசா செலவாகிட்டே இருக்கு. சர்வீஸ் சென்டர் கேட்கிற ₹2,600 புதுச் செலவு இல்ல, 40,000 கி.மீ.யா நீங்க ஏற்கெனவே பண்ணி முடிச்ச செலவோட பில். அதைத் தள்ளிப் போட்டா செலவு குறையாது, கடன்தான் ஏறும்.

சீக்கிரம் மாத்தினா எவ்வளவு நஷ்டம்? லேட்டா மாத்தினா எவ்வளவு லாபம்?

சர்வீஸ் அட்வைசர் போன் பண்றார். நீங்க "எத்தனை மில்லிமீட்டர்?"னு கேட்கறீங்க. "6 மி.மீ. சார்"ங்கறார். ஓடோமீட்டர் 25,000 காட்டுது.

11-ல இருந்து 6-க்கு வர 25,000 கி.மீ. ஆகியிருக்கு. ஒரு மி.மீ.க்கு 5,000 கி.மீ. இன்னும் 3 மி.மீ. பயன்படுத்தலாம், அதாவது 15,000 கி.மீ. நீங்க மாசம் 1,000 கி.மீ. ஓட்டறவர்னா இன்னும் 15 மாசம் போகும். இப்பவே மாத்தினா 15,000 கி.மீ.க்கான பேடைக் குப்பையில போடறீங்க. 15,000 × 6.5 பைசா = ₹975 நஷ்டம். அதனால, "நன்றி, அடுத்த சர்வீஸ்ல மறுபடி அளந்து சொல்லுங்க"ன்னு தைரியமா சொல்லலாம்.

இப்ப எதிர்ப் பக்கம். "3 மி.மீ. சார்"ங்கறார். நீங்க, "இன்னும் ஒரு 3,000 கி.மீ. ஓட்டிக்கறேன்"ங்கறீங்க. இதனால என்ன மிச்சம்? 3,000 × 6.5 பைசா = ₹195. ஒரு பிரியாணி காசு. இதுக்குப் பதிலா எதைப் பணயம் வைக்கறீங்க? டிஸ்க் கீறிப் போனா ரெண்டு டிஸ்க்கும் லேபரும் சேர்த்து ₹6,000-னு வச்சுக்குவோம். பேடும் எப்படியும் மாத்தியாகணும். ₹195 மிச்சம் பிடிக்க ₹6,000-ஐயும், வண்டியில இருக்கிறவங்களையும் அடகு வைக்கிற பேரம் இது. எந்த ஃபிக்சட் டெபாசிட்லயும் இவ்வளவு மோசமான ரிட்டர்ன் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. தேய்மானம் எப்பவும் ஒரே சீரா இருக்காது. ஊர் மாறினா, டிராஃபிக் மாறினா, ஓட்டற ஆள் மாறினா கணக்கு மாறும். அதனால ஒரு தடவை போட்ட கணக்கை நம்பி 15 மாசம் தூங்கக் கூடாது. செகண்ட் ஹேண்ட் கார்ல பேட் எப்ப மாத்தினாங்கன்னே தெரியாது. அப்ப இன்னைக்கு ஒரு தடவை அளந்து எழுதி வைங்க, 5,000 கி.மீ. கழிச்சு இன்னொரு தடவை அளங்க. உங்க கால் எவ்வளவு தேய்க்குதுன்னு தெரிஞ்சுடும்.

நீங்களே செக் பண்ண நாலு வழி

1. காது. பல பேடுகள்ல ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேஞ்சதும் அது டிஸ்க்ல உரசி "கீச்ச்"னு கத்தும். அது கம்பெனிக்காரன் வேணும்னே வச்ச அலாரம். கொடும்பாளூர் பக்கத்துல பூதகுடி டோல்கேட் இருக்கு. டோலுக்கு ஸ்லோ பண்ணும்போது ஏ.சி., பாட்டு ரெண்டையும் நிறுத்திட்டு ரெண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்குங்க. லேனோட தடுப்புச் சுவர்ல பட்டு சத்தம் திரும்பி வரும். எந்த டோல்லயும், எந்த பார்க்கிங் சுவர் பக்கத்துலயும் இதைச் செய்யலாம். மழைக்கு அப்புறம் காலையில முதல் ரெண்டு மூணு பிரேக்ல வர்ற சத்தம் டிஸ்க்ல படிஞ்ச துரு. அது தானா போயிடும். விடாம வந்தா காட்டணும். "கரகர"ன்னு அரைக்கிற சத்தம் வந்தா, பேட் தீர்ந்து இரும்பு உரசுதுன்னு அர்த்தமா இருக்கலாம். ஊர் போய்ச் சேர்ந்துட்டு பார்க்கலாம்னு நினைக்காதீங்க. பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

2. கால். பெடல் முன்ன விட ஆழமா போகுதா, மெத்து மெத்துன்னு இருக்கா, பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்குதா, பெடல் காலுக்குக் கீழ துடிக்குதா? இதெல்லாம் பேட் மட்டும் சம்பந்தப்பட்டது இல்ல. ஆயில்ல காத்து இருக்கலாம், கேலிபர் இறுகியிருக்கலாம், டிஸ்க் கோணியிருக்கலாம். எதுவா இருந்தாலும் அன்னைக்கே காட்டுங்க.

3. கண். அலாய் வீல்னா போன் டார்ச் அடிச்சு இடைவெளி வழியா வெளிப்பக்க பேடைப் பார்க்கலாம். ரெண்டு விஷயம் கவனம். பின்னாடி இருக்கிற இரும்புத் தகட்டை அளவுல சேர்க்காதீங்க, பலர் இங்கதான் தப்பா அளக்கறாங்க. உள்பக்க பேட் வெளியில இருந்து தெரியாது, பல கார்ல அதுதான் முதல்ல தேயும். வீலைக் கழட்டினாத்தான் சரியா தெரியும். இதுக்குத் தனியா காசு கொடுக்க வேண்டியது இல்ல. பல கார்ல 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயர் ரொட்டேஷன் பண்ணச் சொல்வாங்க. எப்படியும் நாலு வீலும் கழட்டுவாங்க. அப்ப பக்கத்துல நின்னு, "அண்ணே, உள் பேடும் வெளி பேடும் எத்தனை மில்லிமீட்டர்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

4. பானெட். பிரேக் ஆயில் டப்பாவுல மேக்ஸ், மின்னு ரெண்டு கோடு இருக்கும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் மெதுவா இறங்கும். இறங்கியிருக்கேன்னு நீங்களே ஊத்தி நிரப்பாதீங்க. தேய்மானத்தைக் காட்டற ஒரு அடையாளத்தையே அது மறைச்சுடும். திடீர்னு இறங்கினா லீக், உடனே காட்டணும். ஹேண்ட் பிரேக் ரிலீஸ் பண்ணின பிறகும் டேஷ்போர்டுல பிரேக் லைட் எரிஞ்சா ஆயிலையும் பேடையும் செக் பண்ணியே ஆகணும்.

பின்பக்கம்? பல சின்ன கார்கள்ல பின்னாடி டிஸ்க் இல்ல, டிரம்தான். அதுல பேடுக்குப் பதிலா ஷூ இருக்கும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாடி சாயறதால முன்பக்கம்தான் அதிக வேலை செய்யும், சீக்கிரம் தேயும். ஷூ ரொம்ப நாள் வரும். அதுக்காக அதை மறந்துடக் கூடாது, டிரம்மைக் கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

மாத்தும்போது என்ன நடக்கணும்?

நீங்களே மாத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி வீடியோ பார்த்துப் பழகற வேலை இது இல்ல. ஆனா என்ன நடக்கணும்னு தெரிஞ்சா, வேலை ஒழுங்கா நடக்குதான்னு கவனிக்கலாம்.

- பேடை இடது, வலது ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்.
- கேலிபரைக் கழட்டினா அதை ஹோஸ்ல தொங்க விடக் கூடாது. கம்பி கட்டித் தாங்க வைக்கணும்.
- கேலிபர் சறுக்குற பின்னைச் சுத்தம் பண்ணி, அதுக்கான கிரீஸ் வைக்கணும். இதை விட்டுட்டா புது பேடே ஒரு பக்கம் மட்டும் தேயும்.
- பிஸ்டனை உள்ள தள்ளும்போது ஆயில் டப்பாவுல மட்டம் ஏறும். முன்னாடி யாராவது முழுசா நிரப்பியிருந்தா வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும்.
- டிஸ்க்ல குறைந்தபட்ச கனம் எவ்வளவுன்னு பெரும்பாலும் அதுலயே அச்சடிச்சிருக்கும். "டிஸ்க்கும் மாத்தணும்"னு சொன்னா, "இப்ப கனம் எவ்வளவு, மினிமம் எவ்வளவு?"ன்னு கேளுங்க. இங்கயும் நம்பர்தான் பேசணும்.
- எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற காருக்கு, பின்பக்க பேடை மாத்த ஸ்கேன் டூல் தேவைப்படலாம். அது இல்லாத இடத்துல கொடுக்காதீங்க.
- முடிஞ்சதும் வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை அழுத்தி, கெட்டியாகுதான்னு பார்க்கணும். முதல் மிதி காத்துல போற மாதிரி இருக்கும். அந்த நிலையில வண்டியை எடுத்தா நேரா சுவர்தான்.

புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழக முதல் 200–300 கி.மீ. மென்மையா பிரேக் பிடிச்சு ஓட்டணும். அதனால பொங்கலுக்கு ஊருக்குப் போறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே மாத்துங்க, போகி அன்னைக்கு இல்ல.

எந்த பேட் வாங்கறது? கார் கம்பெனி பேர் போட்ட ஒரிஜினல் ஒரு வழி. இன்னொரு வழி, பேர் தெரிஞ்ச ஆஃப்டர்மார்க்கெட் பிராண்ட். இந்த விஷயத்துல சென்னைக்கே ஒரு பாரம்பரியம் உண்டு. பாடியில இருக்கிற பிரேக்ஸ் இந்தியா 1962-ல ஆரம்பிச்சது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான், ரானே குழுமமும் சென்னைதான். (இது விளம்பரம் இல்ல, யாரும் காசு தரல.) எந்த பிராண்டா இருந்தாலும் சீல் உடையாத பெட்டி, அச்சிட்ட எம்.ஆர்.பி., பார்ட் நம்பர், பில் நாலும் இருக்கணும். பில் இல்லாத "பாதி விலை" பேட் பிரேக்ல வேண்டாம்.

பில்லை வாசிக்கத் தெரியணும்

1. எம்.ஆர்.பி.ங்கிறது எல்லா வரியும் சேர்த்த விலை. ₹2,000 எம்.ஆர்.பி. பேடுக்கு ₹2,000 போட்டு, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்த்து ₹2,360-னு பில் வந்தா அது தப்பு. சரியான பில்லுல அடிப்படை விலை ₹1,694.92, ஜி.எஸ்.டி. ₹305.08, மொத்தம் ₹2,000 இருக்கணும். லேபருக்கு மட்டும் தனியா 18% வரும்.

2. பேட், டிஸ்க் மாதிரி உதிரி பாகங்களுக்கு முன்னாடி ஜி.எஸ்.டி. 28%. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18%. ₹1,000 அடிப்படை விலைக்கு ₹1,280 கட்டின இடத்துல இப்ப ₹1,180. பழைய பில்லைக் கையில வச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்க.

3. "பிரேக் கிளீனிங்", "கேலிபர் சர்வீஸ்", "பேட் டிரெஸ்ஸிங்"னு தனித்தனி வரி இருந்தா, பேட் மாத்தற லேபர்ல எது எது அடக்கம்னு கேளுங்க. ஒரே வேலைக்கு ரெண்டு தடவை காசு போகக் கூடாது.

4. பழைய பேடைக் காட்டச் சொல்லுங்க. எத்தனை மில்லிமீட்டர்ல மாத்தினாங்கன்னு அது பொய் சொல்லாது.

சொந்தக் காரோட பிரேக் செலவை சம்பளக்காரங்க வருமான வரியில தனியா கழிக்க வழி இல்ல. உங்க கம்பெனி கார் பராமரிப்புச் செலவைத் திருப்பித் தர்ற ஏற்பாடு வச்சிருந்தா, ஜி.எஸ்.டி. பில் இல்லாம அது நடக்காது. அதுக்காகவாவது பில் வாங்குங்க.

இன்சூரன்ஸ் காப்பாத்துமா?

தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் வராது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் வராது. கன்ஸ்யூமபிள்ஸ் கவர்ல வர்ற பிரேக் ஆயில், நட்டு, போல்ட்டு எல்லாம் விபத்து க்ளெய்ம்ல மட்டும்தான். வாரன்டியிலயும் பேட் பொதுவா தேயுற பொருள் கணக்குலதான் வரும்.

சரி, பிரேக் பிடிக்காம முன்னாடி போற வண்டியில லேசா இடிச்சா? "க்ளெய்ம் பண்ணிக்கலாம்"னு ஈஸியா சொல்வோம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் ₹8,000, நோ க்ளெய்ம் போனஸ் 50% வரைக்கும் ஏறியிருக்குன்னு வச்சுக்குவோம். க்ளெய்ம் பண்ணின அடுத்த ரினியூவல்ல போனஸ் பூஜ்யம். அப்புறம் வருஷா வருஷம் 20, 25, 35, 45, 50-னு மறுபடி முதல்ல இருந்து ஏறணும். பிரீமியம் மாறலைன்னு எடுத்துக்கிட்டாலே, இழக்கிற தள்ளுபடி ₹4,000 + ₹2,400 + ₹2,000 + ₹1,200 + ₹400 = ₹10,000. 1500 சி.சி. வரைக்கும் இருக்கிற காருக்குக் கட்டாயக் கழிவு ₹1,000 தனி. ஒரு பம்பர் க்ளெய்மோட நிஜ விலை ₹11,000. நாலு செட் பேட் வாங்கி மாத்திடலாம்.

சட்டத்தையும் தெரிஞ்சுக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-ன்படி, ஆபத்து தரக்கூடிய பழுது இருக்குன்னு தெரிஞ்சோ, சாதாரண கவனம் இருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய நிலையிலயோ வண்டியை ஓட்டினா ₹1,500 அபராதம். அந்தப் பழுதால விபத்து நடந்து யாருக்காவது காயமோ சேதமோ ஆனா, மூணு மாசம் வரைக்கும் சிறை, அல்லது ₹5,000 அபராதம், அல்லது ரெண்டும். "எனக்குத் தெரியாது"ங்கிற பதில் எடுபடாது, சாதாரண கவனம் இருந்தா தெரிஞ்சிருக்குமான்னுதான் பார்ப்பாங்க. இன்சூரன்ஸ் பாலிசியிலயும் வண்டியை நல்ல நிலையில வச்சிருக்கணும்னு ஒரு நிபந்தனை இருக்கு. பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க.

அடிக்கடி கேட்கிற சந்தேகங்கள்

*ஏ.பி.எஸ். இருந்தா பேட் பத்திக் கவலை வேணாமா?*
வீல் லாக் ஆகாம, வண்டி சறுக்காம பார்த்துக்கறதுதான் ஏ.பி.எஸ். வேலை. உராய்வை உண்டாக்கறது பேட். பேட் இல்லாத இடத்துல ஏ.பி.எஸ். எதுவும் பண்ண முடியாது.

*பிரேக் ஆயில் எப்ப மாத்தணும்?*
அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பல கம்பெனிகள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றாங்க. டாட் 3-ஆ, டாட் 4-ஆன்னு டப்பா மூடியிலயே இருக்கும்.

*பேட் ரொம்ப நாள் வர்றதுக்கு என்ன செய்யலாம்?*
முன்னாடி சிக்னல் சிவப்புன்னா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை முன்கூட்டியே எடுங்க. மலையில இறங்கும்போது கியரைக் குறைச்சு இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்ல காலை வச்சே இறங்கினா எந்த பேடும் தாங்காது. பெட்ரோலும் மிச்சம், பேடும் மிச்சம்.

*எலெக்ட்ரிக் காருக்கு?*
காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைக்கறதால பேட் அதிக நாள் வரும். ஆனா அதிகம் பயன்படுத்தாம டிஸ்க் துருப்பிடிக்கலாம். அளக்கறது அதுக்கும் உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது

போன்ல ஒரு நோட் திறந்து நாலு வரி எழுதுங்க: தேதி, ஓடோமீட்டர், உள் பேட் மி.மீ., வெளி பேட் மி.மீ. அடுத்த டயர் ரொட்டேஷன்ல அடுத்த நாலு வரி. இவ்வளவுதான் உங்க பிரேக் அக்கவுண்ட்.

அப்புறம் ஒரு சின்ன ஆர்.டி. மாசம் 1,000 கி.மீ. ஓட்டறவருக்கு பேடுக்கு ₹65. நாலு டயர் ₹20,000, 40,000 கி.மீ. வரும்னா மாசம் ₹500. பேட்டரி ₹5,000, நாலு வருஷம்னா மாசம் ₹104. மொத்தம் ₹669. மாசம் ₹700 போட்டு வச்சீங்கன்னா, சர்வீஸ் சென்டர் போன் வர்ற அன்னைக்குக் கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம், "அடுத்த மாசம் சம்பளம் வரட்டும்"னு தள்ளிப் போடவும் வேண்டாம். தேஞ்ச பேடோட பல பேர் ஓட்டறதுக்கு அலட்சியம் மட்டும் காரணம் இல்ல, மாசக் கடைசியில கையில காசு இல்லாததும்தான். அந்தக் காரணத்தை ₹700 இல்லாம பண்ணிடும்.

உங்க காரோட பேட் இப்ப எத்தனை மில்லிமீட்டர்? அளந்து பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. தெரியலைன்னா, ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க.